கல் வளராத வழக்கு

என்னை அவர் முதன்முதலாக விசாரித்தது ஒரு பப்பாளிப் பழம் சம்பந்தமாக.

பாலாவியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலி மட்டும்தான். அந்தப் பக்கம் பப்பாளி மரம், இந்தப் பக்கம் நான். ஒரு நாள் விடிந்து பார்த்தால், மரத்திலேயே பழுத்திருந்த பழத்தில் பாதியைக் காணவில்லை. வேறு மனிதர் என்றால் வௌவால் என்று சொல்லிவிட்டு மற்றப் பாதியைத் தின்றிருப்பார். இவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். விறாந்தையில் எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் அவர். மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி, காதில் பேனை.

"நேத்து மஃரிபுக்குப் பொறகு எங்க ஈந்த?"

"வீட்டுல, மாமா."

"என்ன தின்ன?"

"பாணும் பருப்பும்."

"அதுக்குப் பொறகு?"

"தூக்கம்."

"தூக்கம் தின்ற சாமானில்ல. அதுக்குப் பொறகு என்ன தின்ன?"

இப்படி அரை மணித்தியாலம் போனது. நடுவில் மாமி இஞ்சித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உபசாரம் கொஞ்சம் கூடுதல். கடைசியில் உள்ளே போய் ஒரு முழுப் பழத்தைக் கொண்டுவந்து என்னைக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். என் பல் பதிந்த இடத்தையும் மரத்தில் தொங்கிய பாதியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்ட பல்லு அகலம். நீ போ."

பழத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு அந்த மரத்தில் எது குறைந்தாலும் அவர் கூப்பிடும் முன்னமே நானாகப் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு முதலாளியின் உப்பளத்தில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவர் அவர். வாய்க்கால் பலகையை யார் திறந்தது, காய்கிற பாத்திக்குள் யார் சேற்றுக் காலோடு இறங்கியது, மூடைக்குள் மண் எப்படி வந்தது என்று விசாரித்து விசாரித்தே தலை நரைத்தது. வேலையை விட்ட பிறகு மூன்று சின்னப் பாத்திகளைத் தன் சொந்தத்துக்கு வைத்துக்கொண்டார். விசாரணையையும் விடாமல் வைத்துக்கொண்டார். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு, சட்டி, மாமி மூன்று பேரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

"துனியாவுல தானா நடக்கிறது எண்டு ஒண்டுமில்ல மவன்," என்பார். "எல்லாத்துக்கும் பொறகால ஒரு ஆள் ஈக்கும்."

மாமியிடம் கேட்டால் வேறு கதை. "நிக்காஹ் முடிஞ்ச அண்டைக்கு மனுசன் என்னப் பாத்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? பந்தல்ல ஒரு லைட் எரியல்ல, அது யார்ட வேலை எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க மாமி?"

"என்ட தம்பிட வேலை எண்டு சொன்னன். காட்டிக் குடுத்துட்டன். வேற என்ன செய்ய, அவர் விடல்லயே."

இந்தத் தம்பி பின்னாடி வருவார். மதுரங்குளியில் தளபாடக் கடை வைத்திருப்பவர்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் ஒரு நாள் கடல் வந்தது. அவருடைய மருமகன், அதாவது தங்கச்சியின் மகன், கற்பிட்டிப் பக்கம் அலங்கார மீன் வளர்க்கிற பண்ணையில் வேலை செய்தான். அவன் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றையும், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வரி போட்ட மீன் ஒன்றையும், சங்குக்குள் குடியிருக்கிற நண்டு ஒன்றையும், பெருவிரல் அளவு முருகைக்கல் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான். புத்தகத்தில் பவளம் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கம் முருகைக்கல்தான். கல் என்று பெயர், ஆனால் உயிருள்ளது. கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கடலில் உடைத்தால் பொலிஸ் பிடிக்கும். இது பண்ணையிலேயே வளர்த்த துண்டு. அதற்கு ஒரு கடிதமும் இருந்தது. அவர் அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொட்டியிலேயே ஒட்டிவைத்தார். விசாரிக்க யாராவது வந்தால் ஆயத்தமாக இருக்க வேண்டுமே.

தொட்டி ஹோலில், வாசலுக்கு நேரே உள்ள சுவரோடு வைக்கப்பட்டது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. அந்த மாதமே மாமியின் தம்பி, அக்காவுக்கு ஆசையாசையாக ஒரு செட்டி அனுப்பினார். மூன்று பேர் உட்காரக்கூடிய, மெரூன் நிறத்தில், கையிரண்டும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த செட்டி. அந்த ஹோலில் அது நிற்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்று. அங்கே கடல் நின்றது.

"ரெண்டு நாளைக்கு உங்கட வீட்டுல ஈக்கட்டும்," என்று மாமி எங்கள் உம்மாவிடம் சொன்னார். செட்டி தகரவேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு நாள் பத்து மாதத்துக்கு மேலானது. என் வாழ்க்கையில் அவ்வளவு சொகுசாக நான் படுத்ததில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமியின் தம்பி மதுரங்குளியில் இருந்து குடும்பத்தோடு வந்தார். அக்கா வீட்டு ஹோலில் நின்றபடி அங்குமிங்கும் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, தான் அனுப்பிய செட்டியில் தானே உட்கார்ந்து, எங்கள் உம்மா கொடுத்த வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டுப் போனார். மாமிக்கு அது போதுமாக இருந்தது. தம்பியின் கார் மறைந்ததும் ஹோலுக்குப் போய், சிவப்பு மார்க்கரை எடுத்து, தொட்டிக் கண்ணாடியில் முருகைக்கல்லின் நுனிக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போட்டார்.

"வளருது வளருது எண்டு சொல்றீங்களே. அடுத்த நோன்புப் பெருநாளைக்குள்ள இது இந்தக் கோட்டத் தொடணும். தொட்டா தொட்டி இஞ்ச ஈக்கட்டும், நான் வாய் தொறக்க மாட்டன். தொடாட்டி தொட்டி வெளிய, செட்டி உள்ள. என்ட தம்பி வந்தா என்ட வீட்டுலதான் குந்தணும்."

அவர் ஒத்துக்கொண்டார். ஒன்பது மாதத்தில் ஒரு விரல் என்ன, ஒரு சாணே வளரும் என்றார்.

மூன்று மாதம் போனது. கல் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. பார்க்க நல்ல நிறமாக, சுகமாக, வேலைவெட்டி இல்லாமல் நின்றது. கிட்டத்தட்ட என்னைப் போல என்று உம்மா சொன்னார்.

"இத யாரோ தடுக்கிறாங்க," என்றார் அவர். புதுக் கொப்பி வாங்கினார்.

அவருடைய சட்டம் இதுதான். சந்தேகப்பட்டவர் தொட்டியை விட்டு இரண்டு கிழமை விலக்கி வைக்கப்படுவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான். "ரெண்டு பேரை ஒண்டாத் தூக்கினா யார் செஞ்சது எண்டு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார். பிறகு மருமகனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பண்ணையில் அவர்களும் அப்படித்தானாம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பார்களாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.

முதல் சந்தேகம் நண்டு. எந்த நேரமும் கல்லுக்குக் கிட்டவே உலாத்தித் திரிந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் கடல் தண்ணி விட்டு, அதற்குள் போட்டு, குசினி அலுமாரிக்கு மேலே வைத்தார். துணைக்கு ஒரு வெறும் சங்கும் போட்டார். ஐந்தாம் நாள் பார்த்தால் நண்டு பழைய சங்கை விட்டுப் புதுச் சங்குக்குள் குடிபோயிருந்தது.

"பாத்தியா," என்றார் என்னிடம், மெதுவாக. "வேஷம் மாத்திட்டான். குத்தமில்லாதவன் எதுக்கு வேஷம் மாத்தணும்?"

"அதுக்கு அந்தச் சங்கு சின்னதா ஈந்திருக்கும் மாமா."

"நீ ஏன் அவனுக்காகக் கதைக்கிற?"

 நண்டு இரண்டு கிழமை டப்பாவுக்குள் இருந்தும் கல் வளரவில்லை. விடுதலை.

அடுத்தது மின்விசிறி. காற்றுப் பட்டுத் தண்ணி ஆடுகிறது, ஆடுகிற இடத்தில் யார் வளருவார் என்றார். இரண்டு கிழமை ஹோலில் விசிறி சுழலவில்லை. மாமி எங்கள் வீட்டுச் செட்டியில் வந்து படுத்தார். அதற்கடுத்தது பெருந்தெருவில் போகிற லொறிகள். தொட்டிக்கு மேலே ஒரு கிளாஸ் தண்ணி வைத்து, ஒவ்வொரு லொறி போகும்போதும் அது ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடியது. ஆனால் லொறியை விலக்கி வைக்க ஐஸ்கிரீம் டப்பா போதாது. அதனால் தொட்டிக்குக் கீழே பழைய மெத்தைத் துண்டுகளைச் செருகினார். கல் வளரவில்லை. லொறிகளுக்கும் விடுதலை.

அடுத்தது என்னுடைய பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் மாமி குசினியில் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வாசம் ஹோல் முழுக்க. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மாமா, அந்த மீன்ட மூஞ்சப் பாருங்க. அதுட சொந்தக்காரங்கள அதுக்கு முன்னுக்கே பொரிக்கிறீங்க. அந்தக் கவலையில அது கல்லப் பாத்துப் பெருமூச்சு விட்டா, கல் எப்புடி வளரும்?"

அவர் மீனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். காதில் இருந்த பேனை கைக்கு வந்தது.

அன்று தொடங்கி இரண்டு கிழமை மாமி மீன் பொரித்தது எங்கள் குசினியில். பொரித்த இடத்தில் நாலு துண்டு விட்டுவிட்டுப் போவதுதானே மரியாதை. செட்டியில் கால் நீட்டிப் படுத்தபடி சூடைப் பொரியல் தின்னும்போது எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. அந்தத் தொட்டி அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு அந்தக் கல் எப்படியாவது வளர வேண்டும். அந்த வீட்டில் அவருக்கு அடுத்தபடியாக அந்தக் கல்லுக்காக துஆ கேட்டவன் நான்தான்.

அதனால்தான் என்னையே சந்தேகப்பட்டபோது மனசு நொந்துபோனேன்.

நான் அப்போது ஓட்டோவில் ஃபில்டர் தண்ணி கொண்டுபோய் வீடு வீடாகப் போடுகிற வேலை செய்தேன். ஓ.எல். பரீட்சை என்னோடு ஒத்துவராததால் தண்ணியோடு ஒத்துப்போனேன். அவர் தொட்டிக்கான தண்ணியைத் தானேதான் தயாரிப்பார். தன் உப்புப் பாத்தியில் பக்குவப்படுத்திய கனமான உப்புத்தண்ணியைக் கொண்டுவந்து, என்னுடைய ஃபில்டர் தண்ணியைக் கலந்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். கடலின் உப்பு வரும்வரை கலப்பார். மருமகன் உப்புப் பார்க்கிற கருவி ஒன்று கொடுத்திருந்தான். அதை அவர் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. மருமகன் ஒரு நாள் எடுத்து அளந்து பார்த்தான். நாக்கும் கருவியும் ஒரே கணக்கு. அதற்குப் பிறகு அவர் தண்ணியைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஆனால் என் தண்ணி அவர் தண்ணி இல்லையே.

"எங்க எடுக்கிற?"

"மெஷின்ல இருந்துதான் மாமா."

"மெஷின்ட வாப்பா யாரு?"

"ஆ?"

"அந்தத் தண்ணி எந்தக் கிணத்துல இருந்து மெஷினுக்கு வருது எண்டு கேக்கிறன்."

என்னை ஹோலுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கதைத்தேன். என் தண்ணியை ஒரு சட்டியில் ஊற்றி, வற்றும்வரை கொதிக்க வைத்தார். சட்டியின் அடியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். நக்கியும் பார்த்தார்.

"சுத்தம்," என்றார். "உள்ள வா."

அந்த விடுதலையில் கொஞ்சம் பெருமைப்பட்டேன். நான் விற்ற தண்ணியில் ஒன்றுமே இல்லை என்று நிரூபித்த முதல் மனிதர் அவர்.

நோன்பு வந்தது. கோட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அதே ஒரு விரல். மாமி அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கிண்டியபடி ஹோல் சுவரின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். தம்பிக்கும் போன் போட்டு, பெருநாளைக்கு வந்து நன்றாகக் குந்தலாம் என்று சொல்லிவிட்டார். மாமாவோ இரண்டு நாளில் ஒரு தரம் பம்பைக் கழற்றி, பூட்டி, பல்பை உயர்த்தி, பதித்து, மீனோடு முகத்துக்கு முகம் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் இவ்வளவு காலம் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அந்த நாட்களில் மட்டும் பகிடி வாய்க்கு வரவில்லை.

பெருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, பண்ணை மருமகன் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். அதற்குள் கண்ணாடிக் குழாயும் சொட்டு மருந்துப் போத்தல்களும். தொட்டித் தண்ணியில் கொஞ்சம் குழாயில் எடுத்து, ஒரு தூளைப் போட்டான். தண்ணி ரோஸ் நிறமாகியது.

"இப்ப மருந்த ஒவ்வொரு சொட்டா விடுவன்," என்றான். "ரோஸ் நீலமாகும்வரைக்கும் எத்தன சொட்டுப் போகுதோ, அவ்வளவுக்கு தண்ணில கல்சியம் ஈக்கு எண்டு அர்த்தம். கடல் தண்ணி எண்டா விட்டு விட்டுக் கை நோகும்."

இரண்டாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது.

"மருந்து பழசு," என்றார் அவர்.

மருமகன் குழாயைக் கழுவி மறுபடி எடுத்தான். இரண்டு சொட்டு. நீலம்.

"மாமா, இது என்ன தண்ணி?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த மனிதர் ஒன்பது மாதமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். நோன்புக் களைப்பெல்லாம் முகத்தில் இருந்து போய்விட்டது.

"சொல்றன் கேளு. எல்லாரும் கடல்ல அள்ளி அப்புடியே ஊத்துவாங்க. கடல் கச்சாச் சாமான். ஊர் முழுக்க அதுக்குள்ளதான் குளிக்குது. நான் முதல்ல வாய்க்கால்ல இருந்து முதலாம் பாத்திக்கு எடுப்பன். வெயில்ல சேறு படியும். பொறகு ரெண்டாம் பாத்தி. அங்கதான் விஷயம் ஈக்கு. அங்க வச்சு இன்னும் காயவிட்டா, கூடாத சாமானெல்லாம் அடியில எறங்கிடும். உப்புக் கட்ட வரமுந்தி தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுப்பன். அடியில ஈக்கிறத சுரண்டி வரம்புல எறிஞ்சிடுவன். முப்பது வருஷம் என்ட உப்பு வெள்ளையா ஈந்ததுக்கு அதுதான் காரணம். அந்த அழுக்கு ஒரு துளி மிஞ்சவிட மாட்டன்."

"என்ன மாதிரி அழுக்கு?"

"வெள்ளையா ஒரு படை. ஜிப்சம் எண்டும் சொல்லுவாங்க. விரலால நசிச்சா மாவு. சுண்ணாம்பு மாதிரி..."

அங்கே நின்றது.

முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு என்பது எங்கள் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அந்தக் கல் எதை எடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்கிறது?  மாமி கஞ்சி அகப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

"சுண்ணாம்பு மாதிரியா?" என்று கேட்டார்.

 என் ஃபில்டர் தண்ணியில் ஒன்றுமில்லை. அவருடைய தண்ணியில் உப்பு இருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. கல்லுக்கு வேண்டியதை மட்டும் முப்பது வருஷப் பழக்கத்தில் சுரண்டி வரம்பில் எறிந்திருந்தார். நாக்கு உப்பைச் சொன்னது, சுண்ணாம்பைச் சொல்லவில்லை. கல் பாவம், வீடு கட்ட வந்த மேசன் கல்லும் சாந்தும் இல்லாமல் ஒன்பது மாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி நின்றிருக்கிறது.

அவர் கொப்பியைத் திறந்தார். நண்டு, விசிறி, லொறி, பொரியல், நான் என்று போன பட்டியலின் கீழே தன் பெயரை எழுதினார். அடிக்கோடும் போட்டார். பிறகு எழும்பி, பாயைச் சுருட்டிக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

"எங்க போறீங்க?" என்றார் மாமி.

"ரெண்டு கிழமை."

"விசரா உங்களுக்கு?"

"நண்டுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

இரண்டு கிழமையும் அந்த மனிதர் ஹோலுக்குள் காலடி வைக்கவில்லை. குசினிக்கும் பின்வாசலால் சுற்றித்தான் போனார். நோன்பு திறந்ததும் விறாந்தையில். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் முன்பு நின்ற அதே ஜன்னல். நான் தலவிலப் பக்கம் ஓட்டோவில் போய், சுத்தமான கடல் தண்ணியைக் கேன் கேனாகக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்து, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகனிடம் தனியாகக் கேட்டேன். "ரெண்டு கிழமையில ஒரு விரல் வருமா?"

"நகத்தளவும் வராது," என்றான்.

பெருநாளுக்கு முதல் நாள் பகலில் மாமி வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தார். அவர் விறாந்தையில் அசந்து தூங்கினார். நான் தண்ணி மாற்றுகிற சாட்டில் ஹோலுக்குள் போனேன். ஈரத்துணியால் சிவப்புக் கோட்டைத் துடைத்தேன். மார்க்கரால் ஒரு விரல் கீழே, கல்லின் நுனிக்கு நேரே, புதுக் கோடு போட்டேன். பாவம்தான், அதுவும் நோன்போடு. ஆனால் எனக்குச் செட்டி வேண்டும், அவருக்குத் தொட்டி வேண்டும். இரண்டு பேருக்கும் நன்மை செய்கிற பாவம் அடிக்கடி வாய்க்காது.

பெருநாள் காலை. தொழுகை முடிந்து, புதுச் சாரனோடு, இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் ஹோலுக்குள் காலடி வைத்தார். மாமியின் தம்பியும் அவர் மனைவியும் ஏற்கனவே வந்து, உட்கார இடமில்லாமல் வட்டிலப்பத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். நானும் நின்றேன். மாமி தொட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். நிமிரும்போது முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"கோட்டத் தொட்டிட்டு," என்றார். தம்பியைப் பார்க்கவில்லை. "சொன்னது சொன்னதுதான். தொட்டி ஈக்கட்டும்."

அவர் வென்றுவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். வேறு எந்த மனிதரும் சும்மா இருந்திருப்பார். இவர் குனிந்து கல்லைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். விரலை எச்சில்படுத்திக் கோட்டுக்கு மேலே கண்ணாடியைத் தடவினார். விரலில் இலேசாக ரோஸ் நிறம்.

"கல் ஏறல்ல," என்றார். "கோடு எறங்கியீக்கு."

"மாமா, பெருநாளும் அதுவுமா..." என்றேன்.

"ஒருத்தரும் அசையாதீங்க. கையக் காட்டுங்க."

பெருநாள் உடுப்போடு எல்லோரும் கையை நீட்டினோம். மாமியின் தம்பி தட்டை மற்றக் கைக்கு மாற்றி மாற்றி இரண்டையும் காட்டினார். என் வலது பெருவிரல் ஓரத்தில், எத்தனை தரம் கழுவியும் போகாத சிவப்பு.

"உங்களுக்காகத்தான் மாமா செஞ்சன்."

"அது தெரியும். எத்தன மணிக்குச் செஞ்ச?"

"லுஹருக்குப் பொறகு."

"என்ன துணியால துடைச்ச?"

எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். கடைசியில் மாமியின் பக்கம் திரும்பி, "தொட்டி வெளிய போகுது," என்றார். ஒன்பது மாதத்தில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வழக்கு, ஒரே நாளில், குற்றவாளியின் வாயாலேயே முடிந்திருக்கிறது.

மாமி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இந்த மனுசன என்ன செய்ற எண்டு நீயே சொல்லு," என்று தம்பியிடம் கேட்டார். தம்பி வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு, "நிக்காஹ் பந்தல்ல அந்த லைட்ட நான் கழட்டல்ல லாத்தா, அது அதாவே ஃபியூஸ் போனது," என்றார். அதை அவர் இத்தனை வருஷம் சொல்லக் காத்திருந்திருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரமே செட்டி எங்கள் வீட்டில் இருந்து அவர்கள் வீட்டுக்கும், கடல் வாளி வாளியாக அவர்கள் வீட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கும் போனது. இரண்டும் ஒழுங்கையில் ஒன்றையொன்று கடக்கும்போது பாரம் தாங்காமல் செட்டியை நடு ஒழுங்கையில் இறக்கினார்கள். மாமியின் தம்பிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது. மாமி போய்த் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டோ காத்துக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் அந்தக் கல் வளரத் தொடங்கியது. தலவிலத் தண்ணியும், மருமகன் கொடுத்த கல்சியம் மருந்தும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நுனியில் புதிதாக ஒரு வெள்ளைக் கொம்பு. அவர் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு வந்து, செட்டி இல்லாத எங்கள் ஹோலில் சீமெந்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிமட்டத்தைக் கண்ணாடியில் வைத்து அளப்பார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சந்தேகம்தான்.

"தண்ணிக்காக மட்டும் இந்தளவு வளராது. நீ வேற என்னமோ செய்ற."

"ஒண்டும் செய்யல்ல மாமா."

"யோசிச்சுச் சொல்லு."

இங்கேதான் என் வாய் மறுபடி சும்மா இருக்கவில்லை. "தண்ணி மாத்தக்குள்ள பாட்டுப் படிப்பன். வேற ஒண்டுமில்ல," என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு, அவருக்கு முன்னால் அந்தக் கல்லுக்கு நான் பாட வேண்டியதாகப் போயிற்று. எனக்குத் தெரிந்த ஆறு பாட்டில் நாலுக்கு நடுவரி தெரியாது. அந்த இடத்தில் வாயால் தாளம் போட்டேன். உம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒழுங்கையில் போகிற பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அளந்தார். எழுதினார். கல் வளர்ந்தது.

"சரி," என்றார் கடைசி நாள். "இனி ரெண்டு கிழமை படிக்காம ஈந்து பாக்கணும். அப்பத்தான் தெரியும், தண்ணியா, பாட்டா எண்டு."

அந்த இரண்டு கிழமை வரவில்லை. கொழும்புப் பக்கம் இருக்கிற அவர்கள் மகளுக்குப் பிள்ளை கிடைத்து, துணைக்கு ஆள் வேண்டும் என்று, ஒரு கிழமைக்குள் அவரும் மாமியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு லொறி ஏறிவிட்டார்கள். லொறிக்கு மேலே செட்டி. கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவர் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து தலையை வெளியே நீட்டி, "மறக்காம நிப்பாட்டிப் பாரு," என்றார்.

அது நாலு வருஷத்துக்கு முந்தி. கல் இப்போது என் உள்ளங்கையை விடப் பெரிது. கிழமைக்கு ஒரு தரம் தண்ணி மாற்றுகிறேன், ஒவ்வொரு தரமும் பாடுகிறேன். தண்ணிதான் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிப்பாட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.